நீலக் கதவா, பச்சைக் கதவா? பழைய தெருவைத் தேட ஸ்ட்ரீட் வியூ எவ்வளவு உதவும்

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை இழுக்க வேண்டாம். ஒரு தெருவில் சேர்ந்து வளர்ந்து பிரிந்துபோனவர்கள் மறுபடி ஒன்றுகூடி அந்தத் தெருவை நினைவுபடுத்திக்கொள்ள நினைக்கிறார்கள் என்று வையுங்கள். அந்த வேலைக்கு, கூகுள் மேப்ஸில் இருக்கும் ஸ்ட்ரீட் வியூவின் பழைய தேதிப் படங்களுக்கு நான் கொடுப்பது ஐந்துக்கு மூன்றரை. நாலாவது கொடுத்திருப்பேன். ஒரு கதவு கெடுத்துவிட்டது. அதிலும் கருவியின் மேல் பெரிதாகத் தப்பு சொல்ல முடியாது, நாங்கள் அதைத் திறந்த நேரம்தான் தப்பு.

விஷயம் இதுதான். சின்ன வயதில் ஒரே தெருவில் இருந்த ஆறு பேர் இப்போது ஆறு ஊரில் இருக்கிறோம். குரூப் ஒன்று ஆரம்பித்து காலை வணக்கமும் ஃபார்வர்டுகளுமாக ஓட்டிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அக்காதான் சொன்னார்: "எல்லாருக்கும் வயசாகுதுப்பா, யார் வீடு எங்க இருந்துச்சு, என்னென்ன இருந்துச்சுன்னு ஒழுங்கா எழுதி வச்சிடலாம்." ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் கூடினோம். பேச ஆரம்பித்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, ஒருவர் பெருமையாகத் தன் லேப்டாப் திரையைப் பகிர்ந்து ஸ்ட்ரீட் வியூவைத் திறந்துவிட்டார். அந்த ஒருவர் நான்தான்.

தெரியாதவர்களுக்காக: உச்சியில் கேமரா பொருத்திய கார் தெருத்தெருவாகப் போய் எடுத்த படங்கள்தான் ஸ்ட்ரீட் வியூ. அது 2007 மே மாதம் அமெரிக்காவில் ஐந்து நகரங்களில் தொடங்கியது. பழைய படங்களையும் புரட்டிப் பார்க்கும் வசதி 2014 ஏப்ரலில் கணினியில் வந்தது, போனுக்கு வந்தது 2022இல். கணினியில் ஒரு தெருவுக்குள் நுழைந்தவுடன் இடது பக்க மூலையில் சின்னக் கட்டத்தில் தெருவின் பெயரும் படம் எடுத்த மாதமும் வருடமும் இருக்கும். அதிலேயே வேறு தேதிகளைப் பார்க்க ஒரு சுட்டி இருக்கும், அழுத்தினால் கீழே வரிசையாகப் பழைய படங்கள் வந்து நிற்கும். எல்லாத் தெருவுக்கும் இருக்காது, கார் எத்தனை முறை வந்து போனதோ அத்தனைதான். கார் நுழைய முடியாத சந்துகளுக்குள் சில இடங்களில் முதுகில் கேமராவைச் சுமந்துகொண்டு நடந்துபோய் எடுத்திருக்கிறார்கள், பல இடங்களில் அதுவும் கிடையாது. முக்கியமான கணக்கு ஒன்று: 2007க்கு முன்னால் இதில் எதுவுமே இல்லை. உங்கள் குழந்தைப் பருவம் அதற்கு முந்தியது என்றால் இங்கே உங்கள் தெரு கிடைக்காது. உங்கள் தெரு கொஞ்சம் வயதாகி உட்கார்ந்திருப்பதுதான் கிடைக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு திறந்தால் ஏமாற்றம் குறையும்.

எங்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் அப்போது தோன்றவில்லை. படம் வந்ததும் ஆறு பேரும் கத்தினோம். கோடிவீடு இடிந்து கட்டடமாகியிருந்தது. தெரு நடுவில் இருந்த மரம் இல்லை. ஆனால் இன்னொரு வீட்டின் வெளிப்படிகள் மூன்றும் அப்படியே, அதற்கு மேலே நீலக் கதவு. "அய்யோ, அந்த நீலக் கதவு!" என்று யாரோ ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான். நீலக் கதவில் பந்து பட்டுத் திட்டு வாங்கியது, நீலக் கதவுக்குப் பின்னால் ஒளிந்தது, அது பூட்டியிருந்தால் ஆள் இல்லை என்று அர்த்தம் என்று ஆளாளுக்கு ஒரு கதை. அரை மணி நேரம் போனதே தெரியவில்லை. மாடிவீட்டு அண்ணன் மட்டும் வீடியோ காலில் தாமதமாகச் சேர்ந்தார். அவர் முறையான ஆள், முந்தின நாள் இரவே ஒரு தாளில் நினைவில் இருந்ததையெல்லாம் எழுதி வைத்திருந்தார். அதில் "பச்சைக் கதவு" என்று இருந்தது. வாசித்தார், நாங்கள் சிரித்தோம், படத்தைக் காட்டினோம். அவரும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, நீலமாத்தான் இருந்திருக்கும்போல" என்று பேனாவை எடுத்து அடித்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து, அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போன எதிர்வீட்டு அக்கா கதவைப் பக்கத்தில் போய்ப் படம் எடுத்து அனுப்பினார். கீழ்க் கீலுக்குப் பக்கத்தில் ஒரு நகத்தளவு பெயிண்ட் உரிந்திருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால், மேலே நீலம், அதன் அடியில் மெல்லிசாகப் பச்சை, அதற்கும் அடியில் மரத்தை ஒட்டி ஒரு சாம்பல் பூச்சு. வாசலில் நின்றிருந்த வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறார். நீலம் அடித்தது நாங்கள் எல்லோரும் தெருவை விட்டுப் போன பிறகுதான். ஆக, நீலக் கதவில் பட்ட பந்து, நீலக் கதவுக்குப் பின்னால் ஒளிந்த பிள்ளை, எல்லாமே அந்த அரை மணி நேரத்தில் நாங்கள் பெயிண்ட் அடித்தவை. யாரும் பொய் சொல்லவில்லை. எனக்கு இப்போதும் கண்ணை மூடினால் நீலம்தான் தெரிகிறது, அதுதான் எரிச்சல்.

இது எங்கள் குரூப்புக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 1974இல் வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. கார் விபத்துப் படத்தைக் காட்டிவிட்டு ஒரு பிரிவினரிடம் கார்கள் "மோதி நொறுங்கியபோது" என்ன வேகம் என்று கேட்டார்கள், இன்னொரு பிரிவினரிடம் "இடித்தபோது" என்ன வேகம் என்று கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டால், முதல் பிரிவில் 50 பேரில் 16 பேர் பார்த்தேன் என்றார்கள், இரண்டாவதில் 50க்கு 7. படத்தில் கண்ணாடியே உடையவில்லை. ஒரு சொல் மாறியதற்கே இந்தக் கதி என்றால், திரை நிறைய ஒரு நீலக் கதவைக் காட்டினால் என்ன ஆகும், சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. கூட்டமாக உட்கார்ந்து பேசினால் நிறைய நினைவு வரும் என்றுதான் நாம் நினைக்கிறோம். வெல்டன், பெல்லிஞ்சர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1997இல் சோதித்தபோது வந்தது நேர்மாறு. தனித்தனியாக நினைவுகூர்ந்தவர்களின் பட்டியல்களைச் சேர்த்தால் வருவதைவிட, அதே எண்ணிக்கை ஆட்கள் சேர்ந்து உட்கார்ந்து சொன்னது குறைவாகவே இருந்தது. இது எனக்குச் சுலபமாகப் புரிந்தது. கோடிவீட்டு அண்ணன் பேச ஆரம்பித்தால் மற்றவர்களுக்குத் தங்கள் நூல் அறுந்துவிடும், அவர் கதையின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். பேசாமல் இருப்பவர் மறந்துவிட்டார் என்று மற்றவர்கள் முடிவுகட்டிவிடுவார்கள்.

அதனால் இரண்டாவது சுற்றில் விதியை மாற்றினோம். யாரும் படம் பார்க்கக் கூடாது, குரூப்பிலும் பேசக் கூடாது. தனித்தனியாக ஒரு தாளில் தெருவை வரைந்து, எழுதி, தேதி போட்டுப் படம் எடுத்து அக்காவுக்கு மட்டும் அனுப்ப வேண்டும். கெவின் லிஞ்ச் என்ற நகரத் திட்ட அறிஞர் பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலஸ் மக்களிடம் இப்படித்தான் தங்கள் நகரத்தை நினைவிலிருந்து வரையச் சொல்லி வாங்கி, 1960இல் ஒரு புத்தகமாகவே போட்டார். பாதை, விளிம்பு, வட்டாரம், சந்திப்பு, அடையாளச் சின்னம் என்று ஐந்து வகையாக மக்கள் மனதில் ஊர் நிற்கிறது என்பது அவர் சொன்னது. எங்கள் ஆறு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது அளவு ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை. ஒருவருக்குத் தெருமுனை மைதானம் போல இருந்தது, இன்னொருவர் தாளில் தன் வீடு மட்டும் பாதி இடம். என் படத்தில் மூன்று படிகளை ஐந்தாகப் போட்டிருந்தேன்.

அந்தப் படிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஸ்ட்ரீட் வியூவின் பெரிய குறை அங்கேதான் பிடிபட்டது. படத்தில் அவை சப்பையாக, ஏதோ தரையில் கிடக்கும் பலகை மாதிரித் தெரிகின்றன. நாங்கள் ஏறி உட்கார்ந்தால் கால் தொங்கும் படிகள் அவை. வளர்ந்துவிட்டால் எல்லாம் சின்னதாகத் தெரியும் என்பது எல்லோரும் சொல்வதுதான். ஆனால் இங்கே காரணம் அது மட்டும் இல்லை. காரின் உச்சியில் இருக்கும் அந்தக் கேமரா தொடக்க காலத்தில் சுமார் 2.45 மீட்டர் உயரத்தில் இருந்தது. ஜப்பானில் வேலிக்கு மேலே எட்டி வீட்டுக்குள் பார்க்கிறது என்று புகார் கிளம்ப, 2009இல் அங்கே 40 சென்டிமீட்டர் இறக்கி மறுபடி படம் எடுத்தார்கள். இறக்கியும் 2.05 மீட்டர். ஆறு வயதுப் பிள்ளையின் கண் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும். அதாவது நாம் தேடும் தெருவை எந்தப் பிள்ளையும் பார்த்திராத உயரத்திலிருந்து இந்தக் கேமரா காட்டுகிறது. மதில் சுவரின் மேல்பக்கம் தெரியும், நாங்கள் பெயர் கிறுக்கிய கீழ்ப்பக்கம் தெரியாது. படத்தில் பார்வையைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பார்த்தேன், கொஞ்சம் ஒத்துப்போனது, அவ்வளவுதான்.

சரி, நல்லதைச் சொல்கிறேன். வீடுகளின் வரிசையைத் தீர்த்துவைக்க இதை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. கம்பிக் கதவு வீடு முதலிலா, திண்ணைச் சுவர் வீடு முதலிலா என்று வருடக்கணக்காக நடந்த சண்டை ஒரே இழுப்பில் முடிந்தது. மரம் நின்ற இடம் தெரிந்தது, ஏனென்றால் அந்த இடத்தில் மட்டும் நடைபாதை வளைந்து போகிறது. மரம் போனாலும் வளைவு இருக்கிறது, இதை யாருமே தாளில் எழுதவில்லை. கோடிவீடு முதல் படத்தில் பழைய வீடு, அடுத்ததில் தகரத் தடுப்பு, அதற்கடுத்து கட்டடம். அந்த அண்ணன் மூன்றையும் மாறி மாறி அழுத்திக்கொண்டே இருந்தார், போதும் என்று நாங்கள்தான் சொல்ல வேண்டியிருந்தது.

முகங்களை மங்கலாக்கி விடுவார்கள், தானாகவே நடக்கும் வேலை அது, 2008 முதல் உண்டு. நியாயம்தான். ஆனால் மங்கல் முகத்தை மட்டும்தான் மறைக்கிறது. ஒரு பழைய படத்தில் மூன்றாவது படியில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார், முகம் இருந்த இடத்தில் வெறும் புகை. மாடிவீட்டு அண்ணன் ஒரு நிமிடம் பேசவே இல்லை. அப்புறம், "அம்மா இப்படித்தான் முட்டியில கைய வச்சு உக்காருவாங்க" என்றார். அவர் அம்மா இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அவரிடம் இருக்கும் அம்மாவின் புகைப்படங்கள் எல்லாவற்றிலும் அம்மா கேமராவைப் பார்த்து விறைப்பாக நிற்கிறாராம், சும்மா உட்கார்ந்திருப்பது இது ஒன்றுதானாம். உடனே ஸ்க்ரீன்ஷாட் எடுக்கச் சொன்னோம், தேதி தெரியும்படியாக, லிங்கையும் சேர்த்து. அந்தப் படம் நாளைக்கும் அங்கேயே இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. தவிர, இப்போது அங்கே குடியிருப்பவர் கேட்டால் வீட்டையே மங்கலாக்கிவிடுவார்கள், அப்படி ஒருமுறை மங்கலாக்கினால் திரும்பத் தெளிவாக்க முடியாது. ஜெர்மனியில் 2010இல் சேவை தொடங்கும்போதே சுமார் 2,44,000 வீட்டுக்காரர்கள் அப்படிக் கேட்டு வாங்கினார்கள். பழைய ஆட்களுக்கு அது வருத்தம்தான், ஆனால் வீடு இப்போது அவர்களுடையது. நாம் யார், அவர்கள் வாசலை உலகத்துக்குக் காட்ட. எங்கள் வரைபடத்தையும் அதனால் பொதுவில் போடாமல் எங்களுக்குள்ளேயே வைத்திருக்கிறோம்.

மற்ற கருவிகளையும் தொட்டுப் பார்த்தோம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூகுள் எர்த்தின் பழைய செயற்கைக்கோள் படங்கள் கூரைகளுக்கும் காலி மனைகளுக்கும் உதவும், ரொம்பப் பின்னால் போனால் மங்கல்தான். லேண்ட்சாட் செயற்கைக்கோள் வரிசை 1972லிருந்து பூமியைப் படம் எடுக்கிறது என்று கேட்டு ஆசைப்பட வேண்டாம், அதன் பிந்தைய படங்களிலேயே ஒரு புள்ளி 30 மீட்டர், நம் தெருவே அகலத்தில் ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். கூகுளின் மை மேப்ஸில் ஒரு வரைபடத்துக்குப் பத்து அடுக்குகள் வரை வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கு ஓர் அடுக்கு என்று பிரித்துக் கொடுத்தோம், எதையும் அடிக்காமல் பச்சையும் நீலமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும் என்று விட்டோம், இந்த வேலைக்கு இது நிஜமாகவே பொருத்தம். பழைய ஆல்பம் வைத்திருப்பவர்கள் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள், வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் அது அமுக்கிச் சின்னதாக்கி அனுப்பிவிடும். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் தீட்டும் செயலிகள் பக்கம் போகவே வேண்டாம் என்பேன். கதவு தெரியும் ஒரே பழைய படத்தை ஆசையாக ஒன்றில் போட்டோம், கதவு பழுப்பாகி வந்தது! கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் பற்றிய தகவலே கிடையாது, செயலி ஊகிக்கிறது, நாங்கள் செய்த அதே வேலை.

ஸ்ட்ரீட் வியூவுக்கு ஒரு மதிப்பெண்ணை முழுதாகக் குறைத்தது, அதன் மேல் குற்றமே சொல்ல முடியாத ஒரு விஷயத்துக்கு. தனியாக எழுதிய ஆறு தாள்களில் மூன்றில் ஒரே பொருள் இருந்தது, சாக்கடையின் இரும்பு மூடி. அதன் ஒரு மூலை சரியாக உட்காராது, மேலே சைக்கிள் ஏறினால் "டொடக்" என்று சத்தம் வரும். என் தாளில் அது "தூங்கும்போது கேட்பது" என்று இருந்தது. எதிர்வீட்டு அக்கா மூடியையே வரைந்து ஆடும் மூலைக்கு அம்புக்குறி போட்டிருந்தார். முதல் சுற்றில், படத்தைப் பார்த்துக்கொண்டு பேசிய அந்த முழு நேரத்திலும், ஒருவர் வாயிலிருந்தும் இந்த மூடி வரவில்லை. ஏன் என்று பிறகுதான் தெரிந்தது. முதல் படத்திலேயே தெரு முழுக்கத் தார் போட்டாகிவிட்டது, மூடி அதற்கு அடியில். படத்தில் இல்லாததைப் பற்றிப் பேச யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது நீங்கள் செய்யப்போகிறீர்கள் என்றால் ஒழுங்கு இது: முதலில் தனியாகத் தாள், பிறகு கூடிப் பேச்சு, ஸ்ட்ரீட் வியூ கடைசியில், அதுவும் எது எங்கே இருந்தது என்ற சண்டைக்கு மட்டும். நிறம், அளவு, ஆட்கள் பற்றி அதனிடம் கேட்காதீர்கள். எழுதச் சோம்பல்படும் பெரியவர்களிடம் வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொல்லுங்கள், எழுத்தில் வராத பாதி விஷயம் அதில் வரும்.

எங்களுக்கு அப்படித்தான் ஒன்று வந்தது. மூடியைப் பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது கோடிவீட்டு அண்ணன் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார். மொத்தம் மூன்று நொடி, பேச்சே இல்லை. வாயாலேயே அந்தச் சத்தத்தைப் போட்டிருந்தார், முதலில் சின்ன "டொ", ஒரு இடைவெளி, பின்சக்கரம் ஏறும்போது வரும் பெரிய "டக்". அந்த இடைவெளி அவ்வளவு சரியாக இருந்தது. நான் இரண்டாம் முறை கேட்பதற்குள் எதிர்வீட்டு அக்காவின் பதில் வந்துவிட்டது:

"அப்பா வந்துட்டாங்க. எல்லாரும் உள்ள ஓடுங்க."